குரங்கு கையில் கேமரா, என் கையில் தக்காளிப் பெட்டி

கோகிலா, சரவணா,

போன மாதம் நல்லம்பள்ளியில் உங்கள் சித்தப்பா வீட்டுப் புதுமனை விழாப் பந்தியில் யாரோ ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். எந்தத் தேசமோ தெரியவில்லை, நரிக் குட்டிகள் நாலு சேர்ந்து ஒரு கேமராவைப் பந்து மாதிரி உருட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். உடனே சரவணன், "இதென்ன பெருசு? எங்கப்பா சர்வீஸ்ல பெங்களூரு மேடம் ஒருத்தங்க கேமராவ அசால்ட்டா வச்சிட்டுப் போயி, குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சி. எங்கப்பாதான் வாங்கிக் குடுத்தாரு" என்றான். கோகிலா, நீ அந்த மேடம் மாதிரி தலையில் கை வைத்து நடித்துக் காட்டினாய். பந்தியே சிரித்தது. நான் சோற்றில் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கதையை உங்களுக்குச் சொன்னது நான்தான். அதில் ஒரு இடத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அதைச் சரி செய்யத்தான் இதை எழுதுகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் எழுதுவது, தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். காட்டைப் பற்றிச் சொல்லும் விஷயத்தில் தப்பு இருக்காது.

வேலைக்கு வந்த கதை சுருக்கம்தான். கோடைக்கு மட்டும் தீத் தடுப்பு ஆளாகப் போனேன். அப்புறம் வேட்டைத் தடுப்புக் காவலர், தற்காலிகம். ரொம்ப வருஷம் கழித்து வனக்காவலர் ஆகி, போன வருஷம் காக்கியைக் கழற்றி வைத்தேன். இதற்குள் பாலக்கோட்டுக் காட்டிலிருந்து காவிரிக் கரை வரை நான் மிதிக்காத பாறை கிடையாது. ஒரு தடத்தைப் பார்த்தால் எந்த யானை, காலையில் போனதா ராத்திரி போனதா, வயிறு நிறைந்து போனதா என்று சொல்லிவிடுவேன்.

தானாகப் படம் எடுக்கும் கேமராக்களைக் காட்டில் கட்ட ஆரம்பித்தபோது எங்கள் ரேஞ்சில் முதலில் கட்டியவர்களில் நானும் ஒருவன். அதற்கு ஒரு முறை உண்டு. தடத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி, முழங்கால் உயரத்துக்குக் கட்ட வேண்டும். முன்னால் ஒரு புல் ஆடக்கூடாது, ஆடினால் புல்லையே ஆயிரம் படம் எடுக்கும். கட்டி முடித்ததும் எங்களில் ஒருத்தர் சிறுத்தை மாதிரி நாலு காலில் அதன் முன்னால் தவழ்ந்து பார்க்க வேண்டும். ஆபீசில் தேடினால் நான் தவழ்கிற படம் நூறாவது இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் ரேஞ்சர் அய்யா சொல்லி வைத்த ஒரு விதி உண்டு. கேமராவைத் தொடுவதற்கு முன் கையை மண் போட்டுக் கழுவ வேண்டும். சோப்பு வாசம் கூடாது, சோற்று வாசமும் கூடாது. காரணம் எங்களுக்குத் தெரியும். கடலை தின்ற கையோடு ஒருத்தன் கட்டிய கேமராவைக் கரடி வந்து கட்டிப் பிடித்து நக்கியது. நாற்பது படமும் நாக்குதான். இன்னொன்றை யானைக் குட்டி ஒன்று பட்டையோடு உருவி, தும்பிக்கையில் சுழற்றி, தாயின் மேல் எறிந்து விளையாடிவிட்டு, போகும்போது மிதித்துவிட்டுப் போனது. அது கோபத்தில் செய்யவில்லை. காட்டில் புதுசாக ஒன்று கிடைத்தால் குட்டி விளையாடத்தான் செய்யும்.

ரேஞ்சர் அய்யாவைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். எங்களை எல்லாம் "ங்க" போட்டுத்தான் பேசுவார். திட்ட மாட்டார். தப்பு செய்தவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைப்பார். அதுதான் பயம். நின்றுகொண்டு திட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு நாற்காலியின் நுனியைத் தாண்டி உட்கார வராது. ரெஜிஸ்டரை நம் பக்கம் திருப்பி, தன் பேனாவையே எடுத்துக் கொடுத்து, "நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க" என்பார். அவ்வளவுதான். ஒரு கேள்வியை இரண்டாவது தடவை கேட்க மாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சரவணன் அப்போது ஒன்றாம் வகுப்பு.

சின்னாற்றுப் பக்கம் மாடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து, குட்டியோடு இருக்கிற ஒரு பெண் யானை முன்னங்கால் ஊன்றாமல் நடக்கிறது என்றார். நானும் மாதையனும் போய்ப் பார்த்தோம். மாதையன் என்னைவிடச் சின்னவன், என்னோடு ஜோடியாகப் போகிற காவலர். வலது முன்னங்காலில் கம்பி. பன்றிக்கு வைத்த சுருக்கில் கால் விட்டு, கம்பியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நடக்க நடக்கச் சுருக்கு இறுகிக்கொண்டே போகும்.

வனத்துறைக் கால்நடை டாக்டர் போனில் சொன்னதை ரேஞ்சர் அய்யா எங்களுக்கு அப்படியே சொன்னார். மயக்க ஊசி போடுவது சின்ன வேலை இல்லை. பக்கத்தில் ஆறு இருக்கிறது. மயங்கித் தண்ணீரில் விழுந்தால் செத்துப் போகும். குட்டி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. அதனால் கம்பி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, முடிச்சு எந்தப் பக்கம், மூட்டைத் தொட்டுவிட்டதா என்று தெரிய வேண்டும். காலின் இரண்டு பக்கமும் தெளிவான படம் இல்லாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்றார் டாக்டர். கூட்டமோ காவிரியைத் தாண்டி கர்நாடகப் பக்கம் போகிற பருவம் அது. அக்கரை போய்விட்டால் அங்கே யாரிடம் சொல்லி, எப்போது வந்து பார்ப்பது?

எங்களிடம் அவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிற கேமரா இல்லை. பறவைப் படம் எடுக்க அனுமதி வாங்கி வந்து, காட்டு பங்களாவில் தங்கியிருந்த நந்தினி மேடத்திடம் இருந்தது. பெங்களூருக்காரர். கேட்டதும், "நாளைக்கே போகலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பங்களாவுக்குப் போனால் மேடம் வராந்தாவில் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏனு இது, முருகேசண்ணா? என்ன இது, பாருங்க!"

பையின் தோள்பட்டை இரண்டும் இல்லை. கத்தரித்த மாதிரி.

"முள்ளம்பன்னிங்க மேடம். பட்டையில வேர்வை ஊறி உப்பு இருக்குதில்ல, அதுக்கு வந்திருக்குது. பட்டைய மட்டும் தின்னுட்டுப் பையை விட்டிருக்குது, நல்ல முள்ளம்பன்னி."

"சிரிக்காதீங்க. எட்டு கிலோ இருக்கு. எப்படித் தூக்கறது?"

நம்ம பக்கத்து ஆளுக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். என் வண்டியின் பின்னால் பங்களாவுக்கு அரிசி பருப்பு கட்டி வந்த பெட்டி இருந்தது. பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளி போகிற நீலப் பிளாஸ்டிக் பெட்டி. நம்ம ஊரில் அந்தப் பெட்டி இல்லாத வீடு ஏது? கோழியைக் கவிழ்ப்பதும் அதில், துணி அள்ளுவதும் அதில். உள்ளே என் போர்வையைப் போட்டு, லென்ஸ்களைத் துணி சுற்றி அடுக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் பல்லக்கு மாதிரி போகலாம். எனக்கே என் யோசனை பிடித்துப்போனது.

மாதையன் தலையைச் சொறிந்தான். "ண்ணா, இந்தப் பொட்டி வேணுமா? தொப்பூர்க் கணவாய்ல லாரி நின்னா குரங்கு இதத்தான தேடி வருது?"

"அது ரோட்டுக் குரங்குடா. இது காடு. இங்க இருக்கறதுக்குத் தக்காளின்னா என்னான்னே தெரியாது. தூக்கு."

"இல்லண்ணா, போன மாசம்..."

"தூக்குன்னா தூக்குடா."

அவன் சொல்ல வந்தது என்ன என்று அப்புறம் சொல்கிறேன். அன்றைக்கும் நான் விதிப்படி மண் போட்டுக் கை கழுவினேன். கழுவிய கையால்தான் அந்தப் பெட்டியைத் தூக்கினேன்.

ஆற்றில் யானைகள் தண்ணீருக்கு இறங்குகிற மடுவுக்கு மேலே ஒரு பாறை. ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எங்கள் வாசம் யானைக்குப் போகாத பக்கமாக மேடத்தை உட்கார வைத்தேன். வெயில் ஏறிய பிறகு கூட்டம் வந்தது. ஏழு பெரிசு, இரண்டு குட்டி. கம்பி மாட்டியவள் கடைசியில் வந்தாள். தண்ணீரில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்று, அந்தக் காலை மடக்கித் தூக்கித் தும்பிக்கையால் தடவினாள். ஒரு தடவைதான் தூக்கினாள். மேடம் மூச்சே விடவில்லை, கேமரா மட்டும் டிக் டிக் என்று ஓடியது. திரும்பிப் போகும்போது காலின் அடுத்த பக்கமும் கிடைத்தது. மேடம் பின்பக்கத் திரையில் பெரிசு பண்ணிக் காட்டினார். கம்பியின் முறுக்குக்கூடத் தெரிந்தது.

"கிடைச்சுது அண்ணா!" என்றார். கண் கலங்கியிருந்தது.

பெரிய லென்ஸைக் கழற்றித் துணி சுற்றிவிட்டு, சின்ன லென்ஸ் மாட்டி, கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கூட்டம் போனபின் கீழே இறங்கி நான் தடத்தைப் பார்த்தேன். ஈர மண்ணில் கம்பி வால் இழுபட்ட கோடு இருந்தது. அதை மேடத்துக்குக் காட்ட ஆசை. அவர் கேமராவோடு அந்த வழுக்குப் பாறையில் இறங்கத் தயங்கினார்.

"எல்லாத்தையும் பொட்டியில வச்சிட்டு வாங்க மேடம். இங்க யாரு எடுக்கப் போறா?"

பிள்ளைகளே, இந்த வார்த்தையைச் சொன்னது நான். மேடம் அசால்ட்டாக வைக்கவில்லை. "வேண்டாம் அண்ணா, கையிலயே இருக்கட்டும்" என்றுகூடச் சொன்னார். காடு தெரிந்த ஆள் சொல்கிறேன் என்று நான்தான் வைக்க வைத்தேன்.

இருபது அடி போயிருப்போம். மேலே பிளாஸ்டிக் பெட்டி பாறையில் உருளுகிற சத்தம்.

திரும்பினால் முப்பது நாற்பது குரங்கு. சந்தை கூடின மாதிரி. ஒன்று பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து போர்வையை இழுத்து வெளியே போடுகிறது. ஒன்று லென்ஸ் முன்னால் மாட்டுகிற கறுப்பு வளையத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாமல் இன்னொன்றின் மேல் முட்டுகிறது. ஒரு தாய் பெரிய லென்ஸின் கண்ணாடியை நக்கிப் பார்க்கிறது, அதற்குள் தெரிகிற குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. கண்ணாடி துடைக்கிற துணியை ஒரு கிழக் குரங்கு வெற்றிலை மாதிரி அடக்கி மென்றுகொண்டிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

கேமரா அங்கே இல்லை. அரை வளர்த்தி ஆண் ஒன்று அதன் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீர்மருத மரத்தில் இருபது அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே முழுக்கப் பாறை.

மாதையன் மெதுவாகச் சொன்னான். "ண்ணா, போன மாசம் மார்க்கெட்டுப் பக்கம் புடிச்சு, கூண்டுல கொண்டாந்து இங்க விட்டமே, அதுங்கதான். காலையிலயே சொல்ல வந்தேன்."

கூண்டுக் கதவைத் திறந்து விட்டது என் கைதான். மார்க்கெட்டில் பிறந்து, நீலப் பெட்டியைப் பார்த்தே வளர்ந்த குரங்குகள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. தெரிந்ததை நினைக்கவில்லை.

மேடம் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார்.

"வேண்டாங்க மேடம். குடுத்தா நாப்பதும் உங்க மேல ஏறும். நாளைக்கு இந்த வழியில வர்றவங்க மேலயும் ஏறும்."

"அப்போ என்ன பண்றது? என் கேமரா போனா போகட்டும். அந்தப் படம்! அவ மறுபடி காலைத் தூக்குவாளா?"

மாதையன் கல்லை எடுத்தான். "ஒண்ணு விட்டா போட்டுட்டு ஓடும்ணா."

"போட்டா பாறையிலதான போடும்? கல்லக் கீழ வை."

மேலேயிருந்து டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் டிக் டிக் டிக். குரங்கு அமுக்குகிறது.

"மேடம், அது படம் எடுத்தா நம்ம படம் அழிஞ்சிருமா?"

"எடுத்தா அழியாது. ஆனா அழிக்கிற பொத்தானும் அதுலதான் இருக்கு."

குரங்கைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. நாம் ஒரு பொருளைப் பார்த்துக் கத்துகிற வரை அதற்கு அது பெரிய சொத்து. நம் கண் வேறு எங்கேயோ போனால், அதற்கும் அங்கேதான் போக வேண்டும். இருவரையும் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். "தும்மினாலும் திரும்பக் கூடாது."

நான் போய்ப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தேன். என் தொப்பியைக் கழற்றி உள்ளே வைத்தேன். முட்டி போட்டு, தலையைத் தாழ்த்தி, பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். இந்த ஓட்டையில் பார்ப்பேன், "அட" என்பேன். அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன், விரல் விட்டுத் தட்டுவேன். உள்ளே என்னமோ உயிரோடு இருக்கிற மாதிரி. ஐம்பது வயதை நெருங்குகிறவன், காக்கிச் சட்டையோடு.

மாதையன் திரும்பாமலே முணுமுணுத்தான். "ண்ணா, உள்ள என்னாதான் இருக்குது? எனக்கே பாக்கணும்போல இருக்குது."

"மூடிக்கிட்டு உக்காருடா."

ஒரு குட்டி வந்தது. அப்புறம் நாலு. என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு கேட்டது. ஓட்டைக்கு ஒன்றாகக் கண் வைத்தன. மேலே டிக் சத்தம் நின்றது. நான் நிமிரவில்லை. வெயில் முதுகைச் சுட்டது, முட்டியில் பாறை குத்தியது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மருதக் கிளை அசைந்தது. அடுத்த கிளை. அப்புறம் பாறையில் கேமரா இழுபடுகிற சத்தம்.

அரை வளர்த்தி வந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தது. சரியாகத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிப் பார்க்க இரண்டு கையும் வேண்டும், கேமரா குறுக்கே நின்றது. பட்டையைத் தலை வழியாகக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, பெட்டியைப் பிடித்தது. நான் காலை மெதுவாக நீட்டிப் பட்டையை மிதித்துக்கொண்டேன்.

தொப்பியை அதுவே எடுத்துக்கொண்டு போனது. போகட்டும்.

கேமராவின் மூலை உடைந்து, ஒரு மூடி வளைந்திருந்தது. உள்ளே இருந்த கார்டு முழுசு. அன்று மாலையே படங்கள் டாக்டருக்குப் போயின. கம்பி சதையோடு நின்றிருக்கிறது, மூட்டைத் தொடவில்லை, உடனே செய்யலாம் என்றார். மூன்றாம் நாள் மேட்டு நிலத்தில் கூட்டத்தை நிறுத்தி ஊசி போட்டார்கள். கம்பியை வெட்டி எடுத்து என் கையில்தான் கொடுத்தார் டாக்டர். விரல் பருமன்கூட இல்லை. எழுந்ததும் அவள் முதலில் குட்டியைத் தேடினாள். அடுத்த நாள் கூட்டம் அக்கரை போனது.

ரேஞ்சர் அய்யா என்னைக் கூப்பிட்டது அதற்கு மறுநாள். அந்தச் சமயம் என்னை மாதிரி தற்காலிக ஆட்களை நிரந்தரம் ஆக்குகிற பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் என் பெயர் இருந்தது, எனக்குத் தெரியும்.

"முருகேசன், உக்காருங்க."

உட்கார்ந்தேன். ரெஜிஸ்டர் என் பக்கம் திரும்பியது. 'குரங்குகள் கூட்டமாக வந்து பெட்டியில் இருந்த கேமராவைப் பறித்துச் சென்றன, பின் மீட்கப்பட்டது' என்று எழுதினேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

படித்துவிட்டுக் கேட்டார். "குரங்கு அந்தப் பொட்டிகிட்ட எதுக்குங்க வந்துச்சு?"

நான் சொன்னேன். மார்க்கெட்டுக் குரங்கு, நீலப் பெட்டி, மாதையன் சொல்ல வந்தது, மேடத்தை வைக்கச் சொன்னது, எல்லாம்.

"இப்ப சொன்னத எழுதுங்க."

பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினேன். 'பெட்டியைக் கொண்டுபோனது நான். கேமராவை அதில் வைக்கச் சொன்னதும் நான்.' அவர் படித்துக் கையெழுத்துப் போட்டார். "போய்ட்டு வாங்க" என்றார். அந்த வாரமே தக்காளிப் பெட்டி எதுவும் காட்டுக்குள் போகக்கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போனது. அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அதனால்தானா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் எழுதியதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது பழியை மேடத்தின் மேல் வைத்துவிட்டேன். நீங்கள் கண்ணை அகல விரித்துக் கேட்டீர்கள், எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. அப்புறம் பதினைந்து வருஷம் நீங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

மேடம் பெங்களூரு போனதும் இரண்டு படம் அனுப்பினார். ஒன்று அந்த யானை, ஆற்றில் காலைத் தூக்கி நிற்பது. நடுவீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோமே, அது. இன்னொன்றை நீங்கள் பார்த்ததில்லை. குரங்கு மரத்து மேலேயிருந்து எடுத்தது. பாதி இலை மறைக்கிறது, கோணலாக இருக்கிறது. கீழே காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் தொப்பி இல்லாமல் முட்டி போட்டிருக்கிறான். பின்னால் மேடம் எழுதியிருந்தார்: "இதை எடுத்தது நான் இல்லை. ஆனா எனக்குப் பிடிச்ச படம் இதுதான்." மேடத்துக்கு நேற்றே போன் பண்ணிவிட்டேன். பந்தியில் நடந்ததைச் சொன்னதும், "அந்தப் பொண்ணு என்னை மாதிரி நடிச்சாளா? வீடியோ இருக்கா?" என்று சிரித்தார்.

இதுவரை எழுதி முடித்தபோது வீட்டில் யாரும் இல்லை, உங்கள் அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, காக்கித் துணிக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, யானைப் படத்தின் கண்ணாடிச் சட்டத்து ஓரத்தில் செருகினேன். கீழே இறங்கி வாசப்படி வரை போய் நின்று திரும்பிப் பார்த்தேன். என் முகம் தெரியவில்லை. நீலப் பெட்டி நன்றாகத் தெரிகிறது.